குங்குமம் வைத்த நட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நான் பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போன பெண் ஒன்று. ஐந்தும் இட்லிக் கொப்பரையின் ஆவியில்தான் வளர்ந்தன. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். அல்சூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள், பால் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டு விடுவார்கள். வாய் அப்படி. அந்த வாய்தான் இப்போது, திறக்க வேண்டிய இடத்தில் திறக்க மாட்டேன் என்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். என் பேச்சைப் புத்தகத் தமிழாகத் திருத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடவும், பஸ் போர்டு படிக்கவும் வரும். அதற்கு மேல் வராது.

எங்களுக்குக் காலைப் பலகாரத் தொழில். முன்பு தள்ளுவண்டி. இப்போது ஒரு பழைய வேன், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன ட்ரெயிலர். ட்ரெயிலருக்கு இரண்டே சக்கரம். அடுப்பு, சிலிண்டர், கொப்பரை, சாம்பார் அண்டா எல்லாம் அதன்மேல்தான் உட்காரும். வேனை ஓட்டுகிறவள் என் கடைசி மருமகள், இதை எழுதுகிற பேத்தியின் அம்மா. மகன் இரவெல்லாம் கம்பெனி கார் ஓட்டிவிட்டு விடிகிற நேரத்தில் வந்து படுப்பவன், அவனை எழுப்புவதில்லை. மருமகள் சந்தாபுராவில் பிறந்தவள். அப்பா வீட்டில் டிராக்டர் ஓட்டிய கை. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள். அவள் சாவியை எடுத்தால்தான் எங்கள் கடை தெருவுக்குப் போகும். எனக்கு ஓட்டத் தெரியாது.

ஆனால் சக்கரம் எனக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ட்ரெயிலர் வந்த புதிதில் ஒரு நாள் சக்கரத்தின் நடுவிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. லேத் பட்டறையில் பிரித்தார்கள். சக்கரத்தின் நடுக் குடமான ஹப்புக்குள் இருக்கிற பெரிய நட்டை யாரோ பலம் கொண்ட மட்டும் முறுக்கி வைத்திருந்தார்கள். சக்கரம் சுற்றுவதற்கு இடம் இல்லாமல் உள்ளே பேரிங் வெந்து நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கு நான் முக்காலி போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தேன். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அந்த நட்டை இறுக்க வேண்டும். பேரிங் நன்றாக உட்கார்ந்ததும் நட்டைத் தளர்த்திவிட்டு, மறுபடி விரல் பலத்தில் மட்டும் திருப்பி நிறுத்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடக்கூடாது, சுற்றிவிட்டால் தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். பிறகு நட்டு நகராமல் இருக்கப் புதுப் பின் செருகி வளைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் இந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. மாவு பதம் பார்க்கிற விரலுக்கு இதுவும் பிடிபட்டது.

அதிலிருந்து எனக்கு ஒரு பேச்சு வந்துவிட்டது. இட்லி வாங்க வருகிறவர்களிடம் சொல்வேன்: “நடுவுல இருக்கிற நட்டு மருமக மாதிரி. கொஞ்சம் விட்டுத்தான் பிடிக்கணும், இறுக்கினா வெந்துடும். ஓரத்து நாலு நட்டும் மாமியார் மாதிரி. ஏறி நின்னு இறுக்கணும், அப்பதான் வண்டி ஓடும்.” எல்லோரும் சிரிப்பார்கள். மருமகள் பக்கத்தில் நின்று சட்னி ஊற்றிக்கொண்டிருப்பாள். அவளும் சிரிப்பாள்.

ஏறி நின்று இறுக்குவது என்பது நிஜம். வீல் ஸ்பேனரை மாட்டி, அதன் கைப்பிடிமேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று ஒரு குதி குதிப்பேன். கட்டக் என்று சத்தம் வந்தால் எனக்குத் திருப்தி. மருமகள் அப்படிச் செய்ய மாட்டாள். நான்கு நட்டையும் முதலில் விரலால் கடைசிவரை திருகுவாள். பிறகு ஒன்று, அதற்கு எதிர்ப்புறம் ஒன்று என்று குறுக்கே குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவாள். ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு அதே வரிசையில் இன்னொரு தடவை. வண்டி கொஞ்ச தூரம் ஓடி வந்ததும் மறுபடி ஸ்பேனரை எடுப்பாள்.

“என்னடி, பூட்டின வீட்டைத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பாக்கறே?” என்று கேலி செய்வேன்.

“ஓடினா கொஞ்சம் உக்காரும் அத்தை. அதுக்கப்புறம் பாத்தாத்தான் கரெக்டா தெரியும்.”

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு ட்ரெயிலரைப் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. இரண்டு சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, வெள்ளிக் கலர் பெயிண்ட் வாங்கி வந்து நானே அடித்தேன். குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள் மருமகள்.

“அத்தை, ஓட்டைக்குள்ள மட்டும் பெயிண்ட் வேணாம். நட்டு வந்து உக்கார்ற எடம் அது. பின்பக்கம், ஹப்புல ஒட்டற எடத்துலயும் பேடா.”

“பூஜைக்கு வைக்கிற சக்கரத்துல ஓட்டைல மட்டும் துரு தெரியணுமா? உள்ளேயும் பளபளன்னு இருக்கட்டும்.”

இரண்டு கை அடித்தேன், ஓட்டைக்குள்ளும் பின்பக்கமும் தடிமனாக. நட்டு மாட்டுகிற போல்டுகளுக்குத் துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணெயும் தடவினேன். முழுசாகக் காயவில்லை. அதற்குள் மாட்டச் சொல்லிவிட்டேன். அவள் மாட்டினாள். மாட்டும்போதே சொன்னாள்: “புதுப் பெயிண்ட் அத்தை. ஓடினா அமுங்கும், நட்டு லூசாகும். கோயிலுக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வந்ததும் திரும்ப டைட் வைக்கணும். ஞாபகப்படுத்துங்க.”

ஞாபகம் இருந்தது. அதுதான் விஷயம். மறந்துபோயிருந்தால் இவ்வளவு வெட்கம் இல்லை.

பூஜையில் எங்கள் வீட்டு வழக்கப்படி ஓர் இட்லித் தட்டு, ஒரு கரண்டி, வீட்டில் இருக்கிற ஒரே வீல் ஸ்பேனர், மூன்றையும் மனைமேல் வைத்துச் சந்தனம் தெளித்தேன். ட்ரெயிலருக்கு வாழைக்கன்று கட்டினோம். சக்கரத்தின் ஒவ்வொரு நட்டுக்கும் மஞ்சள் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் பொரி கொடுத்தோம். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வண்டி கோயில்வரை போய் வந்தது. வந்து நின்றதும் மருமகள் உள்ளே வந்தாள்.

“அத்தை, ஸ்பேனர்.”

“பூஜையில வச்ச ஆயுதத்தை இப்ப எடுக்கக் கூடாது. நாளைக்குக் கற்பூரம் காட்டினப்புறம்தான்.”

“வண்டிக்கும்தானே பூஜை பண்ணோம்? அது மட்டும் ஓடலாமா?”

“எதிர்க் கேள்வி கேக்காதே. சந்தாபுராவுல எப்படியோ, இந்த வீட்ல இப்படித்தான்.”

மறுநாள் விஜயதசமி. பக்கத்து லேஅவுட்டில் ஒரு நாட்டிய வகுப்பில் புதுக் குழந்தைகளைச் சேர்க்கிற நாள். அவர்களுக்குக் காலைப் பலகாரம் நாங்கள். நல்ல நேரம் பிறப்பதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. ஸ்பேனர் மனைமேலேயே இருந்தது. வண்டியில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவள் மறுபடி வந்து நின்றாள்.

“அத்தை, ரெண்டு நிமிஷ வேலை. இன்னைக்கு வழியில பஞ்சர் கடை ஒண்ணும் தெறந்திருக்காது. சாமி கோவிச்சுக்காது.”

“சாமி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன். வச்ச குங்குமம் அழியாம வண்டியை எடு.”

எடுத்தாள்.

ஏரிப் பக்கம் திரும்புகிற முனையில், “பின்னால என்னமோ ஆடுது அத்தை” என்று சொல்லி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டத் தொடங்கினாள். அவள் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அடுப்பும் சிலிண்டருமாக ட்ரெயிலரே கவிழ்ந்திருக்கும். டம் என்று ஒரு சத்தம். ட்ரெயிலர் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. இடது சக்கரம் தன் பாட்டுக்கு எங்களை முந்திக்கொண்டு போயிற்று. வாழைக்கன்று கட்டின வண்டி இங்கே சாய்ந்து கிடக்க, வெள்ளிப் பூச்சும் குங்குமமுமாக அது சாமி ஊர்வலம் போலத் தனியாகப் போயிற்று. பூக்காரம்மாவின் கூடையை உரசி, டீக்கடை பெஞ்சில் இடித்து விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து குதித்துவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை. அண்டா கவிழ்ந்து சாம்பார் ரோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது.

நான் இறங்கினேன். என் வாயும் இறங்கியது.

“நட்டு டைட் பண்ணச் சொன்னா வளையல் நசுங்கிடும்னு தடவிக் குடுத்தியாடி? அப்பன் வீட்ல டிராக்டர் ஓட்டினேன்னு பீத்திக்கறியே, இதான் அந்த லட்சணமா?”

ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தினார். “ஏனாய்த்தம்மா?”

“என்ன ஆகணும்? நாலு நட்டைத் திருகத் தெரியாதவ கையில ஸ்டியரிங்கைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

டீக்கடைக்காரருக்கு என் பேச்செல்லாம் மனப்பாடம். பெஞ்சை நிமிர்த்திக்கொண்டே கேட்டார்: “ஏன் ஆயா, நடு நட்டுதான் மருமகள்னு சொல்வீங்க. ஓரத்து நட்டு மாமியாராச்சே? கழண்டுக்கிட்டது ஓரத்து நட்டுதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு என்மேல் விழுந்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. “மாமியார் நட்டா இருந்தாலும் இறுக்கறவ கையில ஜீவன் வேணும்ல? இவ சோத்துல உப்புப் போடற மாதிரி இறுக்கினா நிக்குமா?” என்றேன். பூக்காரம்மா உச்சுக் கொட்டி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு, “பாட்டி, இதையும் எழுதணுமா?” என்று கேட்டாள். எழுது என்றேன்.

மருமகள் ரோட்டில் கிடந்த இட்லிகளை யார் காலிலும் படாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ‘நேத்தும் ஸ்பேனர் கேட்டேன், இன்னைக்கும் கேட்டேன், குடுக்கல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை கூட்டமும் என் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. நாட்டிய வகுப்புக்குப் போன் போட்டு, வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேன் சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். “ஓட்டத் தெரிஞ்சவங்க யாரையாவது பாத்துக்கோங்க அத்தை. சூப்பர் மார்க்கெட்ல பில்லிங்குக்கு ஆள் கேட்டாங்க. ஒண்ணாந் தேதியிலருந்து போறேன்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டுச் சரி செய்திருப்பேன். சண்டையில் எனக்குப் பழக்கம் உண்டு.

ட்ரெயிலரைப் பட்டறைக்கு இழுத்துப் போய், நசுங்கின போல்டுகளை மாற்றி, அச்சு வளையவில்லை என்று பார்த்து அனுப்பினார்கள். சக்கரத்தை நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஹப்பைப் பிரித்துத் துடைத்து, கிரீஸ் அடைத்து, நடு நட்டைச் சுற்றி இறுக்கித் தளர்த்தி நிறுத்தினேன். புதுப் பின் போட்டேன். எல்லாம் கை தன்னால் செய்தது. பிறகு கழன்று ஓடிய சக்கரத்தை மடியில் வைத்துப் பார்த்தேன்.

ஓட்டைகளுக்குள் என் வெள்ளிப் பூச்சு வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டு உரிந்திருந்தது. நட்டு உட்கார வேண்டிய சரிவில் இரும்பு மினுங்கியது. அங்கேதான் நட்டு பெயிண்டின்மேல் உட்கார்ந்து, பெயிண்ட் அமுங்க அமுங்க இடம் விட்டு, ஆடி ஆடித் தேய்த்திருக்கிறது. மற்ற சக்கரத்தையும் பார்த்தேன். அதன் நட்டுகளை விரலாலேயே திருப்ப முடிந்தது. அதிலிருந்த குங்குமம் மட்டும் அழியாமல் அப்படியே இருந்தது.

வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு கம்பிப் பிரஷ்ஷால் ஓட்டைகளையும் பின்பக்கத்தையும் இரும்பு தெரிகிற மட்டும் சுரண்டினேன். பெட்ரோல் நனைத்த துணியால் போல்டுகளில் இருந்த நல்லெண்ணெயைத் துடைத்தேன். நான்கு நட்டையும் விரலால் திருகி, குறுக்கே குறுக்கே இறுக்கி, ஜாக்கியை இறக்கி, மறுபடி இறுக்கினேன். ஸ்பேனர்மேல் ஏறவில்லை. அவள் செய்கிற மாதிரியே செய்தேன். முடித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

“ஏம்மா, வந்து ஒரு தடவை டைட் பாத்துடேன்.”

“நீங்க போட்டதை நான் தொட மாட்டேன் அத்தை. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

எனக்கு வேர்த்துவிட்டது. அடுப்பு எரியவில்லை, ஆனாலும் வேர்த்தது. “பெயிண்டுதான் காரணம். நான் அடிச்சதுதான். ஸ்பேனர் கேட்டே, நான் குடுக்கல. எனக்குத் தெரியும்மா” என்றேன். இந்த வீட்டில் யாரும் என் வாயிலிருந்து அப்படிக் கேட்டதில்லை.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் அத்தை. ரோட்ல நின்னவங்களுக்குத் தெரியாதில்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் ஸ்பேனரோடு திரும்பி வந்துவிட்டேன்.

நியாயம்தான். நான்கு பேர் நடுவில் போட்டதைச் சமையலறையில் பொறுக்கினால் ஆகுமா? மறுநாள் காலையில் பூ வாங்குகிற சாக்கில் அந்த முனைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் போனேன். பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டே, “இன்னாமா, மருமகளுக்கு நட்டு இறுக்கக் கத்துக் குடுத்தாச்சா?” என்றாள். டீக்கடைக்காரர் அங்கிருந்தே, “வண்டியைக் காணோமே ஆயா, மருமக ஓட்டமாட்டேன்னுட்டாளா, நீங்க குடுக்கமாட்டேன்னுட்டீங்களா?” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். நான் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவள் அல்லவா? வாயைத் திறந்தேன். “மல்லி ரெண்டு முழம்” என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பூவை யாருக்கும் கொடுக்கவில்லை. சாமிக்கும் போடவில்லை. வாடட்டும் என்று விட்டேன்.

ரோட்டில் கத்தினதுகூடக் கோபத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். முனையில் நின்று வாயை மூடிக்கொண்டு வந்தேனே, அதற்கு என்ன பெயர் சொல்வது? இத்தனை வருஷம் என் வாய்க்கு யாரிடமும் பயமில்லை என்று நினைத்தேன். மற்றவர்களைச் சொல்வதற்குத்தான் பயமில்லை போலிருக்கிறது.

ஒன்றாம் தேதி நெருங்கிவிட்டது. அவள் அந்த வேலைக்குப் புதுச் செருப்பு வாங்கிவிட்டாள், வாசலில் ஜோடியாக இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் ட்ரெயிலருக்குப் போக வேண்டும். வேறு டிரைவர் கிடைப்பார், அது பெரிதில்லை. நாலு நட்டு இறுக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு அவள் என் வண்டியிலிருந்து இறங்கிப் போகிறாள். அந்தப் பெயரை வைத்தவள் நான். நட்டு இறுக்கத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். எனக்கு அதன்மேல் குங்குமம் அழகாக வைக்கத்தான் தெரிந்திருந்தது.

அதனால் இன்றைக்குப் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் வாய்க்கு வராததை இவள் வாய் சொல்லட்டும். நாளைக் காலையில், டீக்கடையில் கூட்டம் சேர்கிற நேரத்துக்கு, இவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முனைக்குப் போவேன். இவள் படிப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். தலையைக் குனிய மாட்டேன். குனிந்தால் அவர்களுக்கு என் முகம் தெரியாது.

பேத்தி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். “பாட்டி, அன்னைக்கு அம்மா பாத்ரூம்ல தண்ணியைத் தெறந்து விட்டுட்டு அழுதாங்க. அதையும் எழுதட்டா?”

எனக்கு அது தெரியாது. எழுது என்றேன். பிறகு, வேண்டாம், அது அவளுடையது, ரோட்டில் படிக்க வேண்டாம் என்றேன். பேத்தி அதற்குள் எழுதிவிட்டாள். நாளைக்குப் படிக்கும்போது அந்த வரியைத் தாண்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

சமையலறையில் இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றுவிட்டது. சட்னி அரைத்து முடித்தாளா, இல்லை கேட்கிறாளா, தெரியவில்லை. சாவி ஆணியில்தான் இருக்கிறது.

போதும் கண்ணு. இப்போது முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. மெதுவாக வேண்டாம், நாளைக்கு முனையில் எப்படிப் படிப்பாயோ அப்படி உரக்கப் படி. உள்ளே கேட்டால் கேட்கட்டும்.